ஷெங்கன் விசா: மூன்று பயணங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கடந்த ஆண்டு கோடையில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, நடுவில் நான்கு நாள் அயர்லாந்தின் டப்ளினுக்குப் போய்வரலாம் என்று நானும் என் மனைவியும் திட்டமிட்டிருந்தோம். புறப்படுமுன் சீட்டும் தங்குமிடமும் பதிவு செய்து கொடுத்த பயண முகவர், "ஐரோப்பா முழுக்க ஒரே விசாதான் சார், எங்க வேணும்னாலும் போகலாம்" என்று உறுதியாகச் சொல்லியிருந்தார். பயணத்துக்கு ஆறு நாள் இருக்கையில் மகள் எங்கள் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல அயர்லாந்து வராதே" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடு. அங்கே புழங்கும் பணம் யூரோ. ஆனாலும் எங்களிடமிருந்த, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா அங்கே செல்லாது. தங்குமிடத்துக்குக் கட்டிய பணம் போயிற்று. எந்தக் கதவை இந்த விசா திறக்கும், எதைத் திறக்காது, ஏன் திறக்காது என்று அன்றிலிருந்து தேடிப் படித்ததன் விளைவே இந்த மதிப்பீடு.

நான் இதுவரை மூன்று முறை இந்த விசாவைப் பெற்றிருக்கிறேன்: 2022 அக்டோபரில் பாரிஸ், 2024இல் ஆஸ்லோ, 2025இல் கோபன்ஹேகன். கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 45 யூரோ. அதற்கும் சிறியவர்களுக்குக் கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல் தனி. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் கட்டிய பணம் திரும்பாது. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி, சிக்கலான விண்ணப்பங்களுக்கு அது 45 நாள் வரை நீளலாம். பல நாடுகளுக்குச் செல்பவர் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறாரோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும்; நாள்கள் சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாட்டிடம். கைரேகை ஒருமுறை பதிந்தால் 59 மாதங்களுக்குப் பயன்படுகிறது என்பதால், என் இரண்டாவது, மூன்றாவது விண்ணப்பங்கள் முதலாவதை விட எளிதாக முடிந்தன.

இந்தியர்களுக்கு 2024 ஏப்ரலில் வந்த மாற்றம் உண்மையிலேயே பெரியது. இந்தியாவில் வசித்து விண்ணப்பிக்கும் இந்தியர், அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டு ஷெங்கன் விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்ததாக இரண்டு ஆண்டுக்கான பல்முறை நுழைவு விசா கிடைக்க வழி செய்திருக்கிறார்கள். அதையும் ஒழுங்காகப் பயன்படுத்தினால் அதற்கடுத்தது ஐந்து ஆண்டுக்கானது, கடவுச்சீட்டில் அவ்வளவு காலம் மீதமிருந்தால். 2025இல் எங்களுக்குக் கிடைத்தது இந்த இரண்டு ஆண்டு விசாதான். பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆண்டுதோறும் போய்வரும் பெற்றோருக்கு, வங்கிக் கணக்கு விவரங்களையும் அழைப்புக் கடிதத்தையும் ஒவ்வொரு முறையும் அடுக்கிக்கொண்டு நிற்கும் வேலை இதனால் பெரிதும் குறைகிறது. எனினும் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது என்ற வரம்பு அப்படியே இருக்கிறது. பாரிஸில் கழிந்த நாளும் கோபன்ஹேகனில் கழிந்த நாளும் ஒரே கணக்கில்தான் சேரும்.

கிடைக்கும் பயன் என்ன என்பதைக் கோபன்ஹேகனிலிருந்து சுவீடனின் மால்மோவுக்குப் போகும் ரயிலில் ஏறினால் தெரிந்துகொள்ளலாம். 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஓரசுண்ட் பாலத்தின் வழியே கடலைக் கடந்து அரைமணி, முக்கால் மணி நேரத்தில் இன்னொரு நாட்டில் இறங்கிவிடுகிறோம். இந்தப் பக்கம் குடியிருந்து அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். 1985 ஜூன் 14 அன்று லக்சம்பர்க்கின் ஷெங்கன் என்ற சிற்றூருக்கு அருகே, மொசெல் ஆற்றில் நின்ற பிரின்செஸ் மரி-ஆஸ்ட்ரிட் என்ற கப்பலில் பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி ஆகிய ஐந்து நாடுகள் தமக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கும் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டன. இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான அன்றைய ஐரோப்பியச் சமூகத்தில் பத்து நாடுகள் இருந்தும் ஐந்து மட்டுமே முன்வந்தன. எல்லோரும் இணங்கும் வரை காத்திராமல், இணங்கியவர்கள் தனியே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். எல்லைச் சோதனை உண்மையில் நீங்கியது 1995 மார்ச் 26 அன்றுதான், அதுவும் ஏழு நாடுகளுக்கிடையே. 1999இல்தான் இந்த ஏற்பாடு ஒன்றியத்தின் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. முந்துகிறவர் முந்தட்டும், பிந்துகிறவர் பிறகு வரட்டும் என்ற ஏற்பாடு இதன் பிறப்பிலேயே இருந்தது.

இன்று 29 நாடுகளில் இந்த விசா செல்லும். ஒன்றியத்தில் இருப்பவை 27. இந்த இரண்டு எண்களைப் பார்த்து, ஒன்றியத்தோடு இரண்டு நாடு கூடுதல் என்று எண்ணிவிடக் கூடாது. ஒன்றியத்தின் உறுப்பினர்களில் 25 நாடுகள் உள்ளே. அயர்லாந்தும் சைப்ரஸும் வெளியே. ஒன்றியத்தில் சேராத நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஆகிய நான்கும் உள்ளே. இதன் மேல் யூரோவை வைத்துப் பார்த்தால் கோடுகள் இன்னும் குறுக்கிடும்: அயர்லாந்தில் யூரோ உண்டு, ஷெங்கன் இல்லை, சுவீடனில் ஷெங்கன் உண்டு, யூரோ இல்லை, நார்வேயில் ஷெங்கன் மட்டும் உண்டு, ஒன்றியமும் இல்லை, யூரோவும் இல்லை. ஐரோப்பாவின் மீது யாருக்கு எவ்வளவு பற்று என்பதைக் கொண்டு இதை விளக்க முடியாது. ஒவ்வொரு துறையிலும் சேர்வதால் அந்த நாடு எதை இழக்க நேரும் என்று பார்த்தால்தான் இது விளங்கும் என்பது என் முடிவு.

அயர்லாந்தையே எடுத்துக்கொள்வோம். வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. அதற்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் எல்லை, வயல்களையும் சிற்றூர்ச் சாலைகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகிறது. 1920களிலிருந்தே பிரிட்டனும் அயர்லாந்தும் தமக்குள் கடவுச்சீட்டுச் சோதனையற்ற பொதுப் பயண வெளியை வைத்திருக்கின்றன. பிரிட்டன் ஷெங்கனில் சேர மறுத்தபோது அயர்லாந்து ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது. ஷெங்கனுக்குள் போனால் பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் கதவு திறக்கும்; ஆனால் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டுக்குப் போகும் சாலையில் சோதனைச் சாவடி எழும். முப்பதாண்டு வன்முறையைக் கண்ட, 1998ஆம் ஆண்டு பெரிய வெள்ளி உடன்படிக்கைக்குப் பிறகே அமைதி அடைந்த அந்த எல்லையில் மீண்டும் ஒரு சாவடியை எழுப்ப எந்த ஐரிஷ் அரசும் துணியாது. யூரோவோ அப்படிக் கேட்கவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் யூரோவும் அந்தப் பக்கம் பவுண்டும் புழங்கலாம், அதற்காக ஒரு காவலரும் அங்கே நிற்க வேண்டியதில்லை. ஆகவே ஒரே நாடு பணத்தில் முழுமையாக இணைந்தது. எல்லையில் விலகி நின்றது. இதைப் படித்த பிறகு டப்ளினில் இழந்த பணத்தைப் பற்றிய வருத்தம் எனக்குப் பாதியாகக் குறைந்தது. அயர்லாந்துக்குப் போக விரும்புகிறவர்களுக்கு ஒரு செய்தி: பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் ஒரே விசாவில் போய்வர இந்தியர்களுக்கு ஒரு கூட்டுத் திட்டம் இருக்கிறது. அதைத் தனியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நார்வேயின் நிலை இதற்கு நேரெதிர். ஒன்றியத்தில் சேரலாமா என்று அந்நாட்டு மக்களிடம் இரண்டு முறை கேட்டார்கள். 1972இல் 53.5 விழுக்காட்டினரும் 1994இல் 52.2 விழுக்காட்டினரும் வேண்டாம் என்றார்கள். ஆஸ்லோவில் நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். 1980களின் இறுதியில் நார்வே வந்து, வடகோடியிலுள்ள ஃபின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலையில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். அந்த வடபகுதி ஆலைகளில் அன்று நம்மவர்கள் பலர் வேலை பார்த்திருக்கிறார்கள். 1994 வாக்கெடுப்பைப் பற்றிக் கேட்டேன். "அண்ணை, மீனும் எண்ணெயும் எங்கட கையில கிடக்கு, அதைப் பற்றின முடிவை ஏன் அங்க இருந்து எடுக்கோணும் எண்டுதான் அப்ப சனம் கேட்டது. ஆலையில ஒருத்தரும் ஓம் எண்டு சொல்லேல்ல" என்றார். அவர் சொன்னதை எண்களும் உறுதிப்படுத்துகின்றன. ஃபின்மார்க்கில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் வேண்டாம் என்றபோது, தலைநகர் ஆஸ்லோவில் மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டும் என்று வாக்களித்தார்கள். ஒரு நாட்டின் இணைப்பு அளவு என்று நாம் சொல்வது, அந்த நாட்டுக்குள் கடற்கரைக்கும் தலைநகருக்கும் நடந்த வழக்கில் எந்தப் பக்கம் சற்று ஓங்கியது என்பதைத்தான் பல நேரங்களில் குறிக்கிறது.

அப்படி வெளியே நின்ற நார்வே ஷெங்கனுக்குள் எப்படி வந்தது? 1950களிலிருந்தே ஐந்து நோர்டிக் நாடுகளின் மக்கள் தமக்குள் கடவுச்சீட்டு இல்லாமல் போய்வந்துகொண்டிருந்தார்கள். டென்மார்க்கும் சுவீடனும் பின்லாந்தும் ஷெங்கனுக்குப் போய், நார்வேயும் ஐஸ்லாந்தும் வெளியே நின்றால் அந்தப் பழைய திறந்த எல்லை மூடிவிடும். ஆகவே ஐந்தும் சேர்ந்தே 2001 மார்ச் 25 அன்று உள்ளே நுழைந்தன. அயர்லாந்தை வெளியே நிறுத்தியது அண்டை நாட்டோடு இருந்த திறந்த எல்லை. நார்வேயை உள்ளே இழுத்ததும் அதுவேதான். வேறுபாடு அண்டை வீட்டார் எந்தப் பக்கம் போனார் என்பதில் மட்டுமே இருக்கிறது. நார்வே இதற்குக் கொடுக்கும் விலையும் சிறிதல்ல. ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தை விதிகளையும் ஷெங்கன் விதிகளையும் ஏற்று நடத்துகிறது. அவற்றை இயற்றும் அவையில் அதற்கு வாக்கு இல்லை. சுங்க ஒன்றியத்தில் அது சேராததால், சுவீடனிலிருந்து சாலை வழியே வரும் சரக்குக்கு எல்லையில் சுங்கம் உண்டு. விசாவைக் கேட்காவிட்டாலும் பையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பயணிகள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சுவிட்சர்லாந்துக்கும் இது பொருந்தும். 1992இல், ஒன்றியத்தில் சேராமலே ஒற்றைச் சந்தையில் சேர வழிசெய்யும் ஐரோப்பியப் பொருளாதார வெளியையே 50.3 விழுக்காட்டினர் மறுத்த நாடு அது. 2005இல் ஷெங்கனை மட்டும் 54.6 விழுக்காட்டினர் ஏற்றார்கள்.

கோபன்ஹேகனில் முதல் நாள் காய்கறிக் கடையில் மீதிச் சில்லறையாகக் கிடைத்த நாணயங்களைக் கண்டு என் மனைவி வியந்துபோனாள். நடுவில் துளையிட்ட நாணயங்கள். அவளுடைய பாட்டி சுருக்குப்பையில் சேர்த்து வைத்திருந்த ஓட்டைக் காலணாவைப் போலவே இருந்தன. அவை டேனிய குரோனர். 1992 ஜூன் 2 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையை 50.7 விழுக்காட்டு டேனியர்கள் நிராகரித்தார்கள். ஒரு நாடு மறுத்தாலும் உடன்படிக்கை நடைமுறைக்கு வராது என்ற நிலையில், எடின்பரோவில் கூடிய தலைவர்கள் யூரோ, பாதுகாப்பு, நீதி மற்றும் உள்துறை, ஒன்றியக் குடியுரிமை ஆகிய நான்கில் டென்மார்க்குக்கு விலக்கு அளித்தார்கள். அடுத்த ஆண்டு 56.7 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். 2000இல் யூரோவை ஏற்கலாமா என்று மீண்டும் கேட்டபோது 53.2 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். குரோனரின் மதிப்பு யூரோவோடு, ஒரு யூரோவுக்கு 7.46 குரோனர் என்ற அளவையொட்டி, இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. வட்டி விகிதத்தில் ஃபிராங்க்ஃபர்ட்டிலுள்ள ஐரோப்பிய மத்திய வங்கியை ஒட்டியே டேனிய மத்திய வங்கி நடக்க வேண்டியிருக்கிறது. பொருளாதாரக் கணக்கில் மிச்சமிருக்கும் சுதந்திரம் குறைவு. ஆனால் அந்தத் துளையிட்ட நாணயத்தில் டேனியர்களுக்கு இருக்கும் உரிமையுணர்வை வட்டி விகிதத்தால் அளக்க முடியாது.

டென்மார்க்கைக் கவனித்துப் பார்த்தால், விலக்கு நிலையானது அல்ல என்பதும் தெரியும். 2015இல் நீதித்துறை விலக்கைத் தளர்த்த மறுத்தார்கள். அதனால் 2017 மே மாதம் யூரோபோல் என்ற ஒன்றியக் காவல் அமைப்பில் டென்மார்க் உறுப்பினர் என்ற நிலையை இழந்து, தனி ஒப்பந்தம் ஒன்றின் வழியே ஒத்துழைக்க வேண்டியதாயிற்று. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த சில மாதங்களில், 2022 ஜூன் 1 அன்று, முப்பது ஆண்டு காத்துவந்த பாதுகாப்பு விலக்கை 66.9 விழுக்காட்டினர் தாமே நீக்கினார்கள். அச்சம் நெருங்கி வந்தபோது எதைக் கைவிடலாம், எதைக் கைவிடக் கூடாது என்ற கணக்கு மாறிவிட்டது.

இதுவரை சொன்னவை, முடிந்தும் வேண்டாம் என்றவர்களைப் பற்றியவை. வேண்டும் என்று கேட்டும் வாசலில் நிறுத்தப்பட்டவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி நம்மிடையே யாரும் அதிகம் பேசுவதில்லை. ருமேனியாவும் பல்கேரியாவும் ஷெங்கனுக்கான தொழில்நுட்பத் தகுதிகளை 2011இலேயே நிறைவு செய்துவிட்டன. ஆனால் உள்ளே சேர்க்க எல்லா உறுப்பினரும் இணங்க வேண்டும். ஊழல், நீதித்துறை, குடியேற்றம் என்று ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு நாடு ஒரு காரணம் சொன்னது. 2022 டிசம்பரில் குரோஷியாவுக்கு இசைவு கிடைத்த அதே கூட்டத்தில் இவ்விரண்டுக்கும் மறுப்பு வந்தது. விமான, கடல் வழிகள் 2024 மார்ச் 31 அன்றும், தரை எல்லைகள் 2025 ஜனவரி 1 அன்றும்தான் திறந்தன. பதின்மூன்று ஆண்டுக் காத்திருப்பில் எல்லையில் வரிசையாக நின்ற சரக்கு லாரிகளின் ஓட்டுநர்களை நினைத்துப் பார்க்கிறேன். டென்மார்க்கின் விலக்கையும் ருமேனியாவின் காத்திருப்பையும் ஒரே சொல்லால் குறிப்பது நியாயமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. முன்னது தேர்வு, பின்னது மற்றவர்கள் விதித்தது. சுவீடன் இரண்டுக்கும் நடுவில் வரும் விசித்திரமான நிலை. சட்டப்படி அதற்கு யூரோ விலக்கு கிடையாது. ஆனால் 2003 வாக்கெடுப்பில் 55.9 விழுக்காட்டினர் மறுத்த பிறகு, யூரோவுக்கு முந்தைய படியான நாணய மாற்று முறையில் அந்நாடு சேராமலேயே இருப்பதால் தகுதி ஒருபோதும் நிறைவடைவதில்லை.

விசாவுக்குத் திரும்புகிறேன். ஒரு நாட்டுக்குள்ளேயே இது செல்லாத இடங்கள் உண்டு. நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகள் ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால், ஒருமுறை நுழைவு விசாவோடு அங்கே போனால் ஆஸ்லோவுக்குத் திரும்ப முடியாது. கிரீன்லாந்துக்கும் ஃபேரோ தீவுகளுக்கும் டேனிய விசாவில் தனிக் குறிப்பு வேண்டும். நமக்கு நெருக்கமானது ரீயூனியன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் வழிவந்தோர் பெருந்தொகையாக வாழும், தீமிதித் திருவிழா நடக்கும் அந்த இந்தியப் பெருங்கடல் தீவு, பிரான்ஸின் பகுதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதியும்கூட. 2002 புத்தாண்டு நாளில் யூரோ நோட்டு புழக்கத்துக்கு வந்தபோது, கிழக்கே இருப்பதால் அங்கேதான் முதலில் விடிந்தது; ஒரு கிலோ லிச்சிப் பழம் வாங்கி முதல் கொள்முதலைச் செய்தார்கள். ஆனால் பாரிஸ் விசா அந்தத் தீவில் செல்லாது. அங்கே உறவைத் தேடிப் போகிறவர்கள் அதற்கென்றே விண்ணப்பிக்க வேண்டும்.

குறைகள் இரண்டைச் சொல்ல வேண்டும். முதலாவது, விதி ஒன்றாக இருந்தாலும் அதை நடத்தும் கைகள் 29. எந்த நாட்டிடம் விண்ணப்பிக்கிறோம் என்பதைப் பொறுத்து நேர்காணல் தேதி கிடைப்பதும், மறுப்பு விகிதமும் வேறுபடுகின்றன. ஐரோப்பிய ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் எண்களே இதைக் காட்டுகின்றன. ஒரே விசா என்றால் ஒரே மாதிரியான வாய்ப்பும் இருக்க வேண்டும். இன்னும் அது இல்லை. இரண்டாவது, சோதனையற்ற எல்லை என்ற சொல்லை இப்போது முழுமையாக நம்பிப் புறப்படக் கூடாது. மால்மோவுக்குள் நுழையும் முன் ஹில்லி நிலையத்தில் சுவீடன் காவலர்கள் ரயிலில் ஏறிக் கடவுச்சீட்டைக் கேட்டார்கள். 2015ஆம் ஆண்டு அகதிகள் வருகைக்குப் பிறகு தற்காலிகமாகத் தொடங்கியது அது, இன்றும் தொடர்கிறது. ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. சட்டம் இதை அனுமதிக்கிறது என்றாலும், விதிவிலக்கு இப்படி ஆண்டுக்கணக்கில் நீள்வது இந்தச் சேவையின் அடித்தளத்தையே அரிக்கிறது. காவலர்கள் கண்ணியமாகவே நடந்துகொண்டார்கள்; ஆனால் பெட்டியிலிருந்த எல்லோரையும் விட எங்கள் தாள்களைச் சற்று நீண்ட நேரம் பார்த்தார்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஒரு நாள் பயணமே ஆனாலும் கடவுச்சீட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். 90 யூரோவுக்கு 29 நாடுகள் என்பது, தனித்தனியே விசா வாங்கிப் பயணம் செய்த என் தலைமுறைக்கு மிகப் பெரிய வசதி. பிரிட்டனுக்கோ அயர்லாந்துக்கோ இடையில் போய்த் திரும்ப எண்ணுகிறவர்கள், விசாவில் நுழைவு எண்ணிக்கை என்ற இடத்தில் 1 என்று இருக்கிறதா, பல்முறை என்று இருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகே சீட்டுப் பதிவு செய்ய வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகப்படமும் கைரேகையும் எடுக்கும் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்திருப்பதால், 90 நாள் கணக்கில் ஒரு நாள் பிசகினாலும் இனிக் கணினி காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் விசாவில் இன்னும் ஓராண்டுக்கு மேல் மீதமிருக்கிறது. அடுத்த பயணத்தில் சைப்ரஸைச் சேர்த்திருக்கிறோம். 2004இல் ஒன்றியத்தில் சேர்ந்து 2008இல் யூரோவுக்கு மாறிய பிறகும், 1974 முதல் தீவை இரண்டாகப் பிரித்து நிற்கும் கோட்டின் காரணமாக ஷெங்கனுக்குள் வர முடியாதிருக்கும் நாடு அது. இரண்டு முறை அல்லது பல்முறை நுழைவுக்கான ஷெங்கன் விசாவை, அதைக் கொண்டு முதலில் ஷெங்கன் நாடு ஒன்றுக்குள் நுழைந்திருந்தால், சைப்ரஸ் தானாகவே ஏற்றுக்கொள்கிறது. இந்த முறை அதை முகவரிடம் கேட்காமல், சைப்ரஸ் அரசின் விதியை நானே படித்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் அறைக்குப் பணம் கட்டினேன்.